நாலு நாள் காய்ச்சல், நானூறு மீட்டர்

சிக்குன்குனியா வந்தவர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இரண்டாயிரத்து ஆறில், மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், செம்பாக்கத்தில் எங்கள் தெரு மொத்தமும் குனிந்தே நடந்தது. பால் வாங்க வருகிறவர்கள் காம்பவுண்ட் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்கள். எதிர்வீட்டு மாமி குனிய முடியாமல் நின்ற வாக்கிலேயே கோலப்பொடியைத் தூவிவிட்டு, அதையே கோலம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் தொப்பியும் விசிலுமாக ஸ்கூட்டியில் அவர்களைக் கடந்து பள்ளிக்கூடம் போவேன். "தினம் உடம்பை வளைச்சிருந்தா இதெல்லாம் கிட்டயே வராது" என்று என் கணவரிடம் சொன்னேன். பத்து நாள் கழித்து எனக்கு வந்தது.

காய்ச்சல் நாலு நாள்தான். ஐந்தாம் நாள் காலை தெர்மாமீட்டரைப் பார்த்து "நார்மல்" என்று நானே அறிவித்துவிட்டு எழுந்தேன். எழுந்தேன் என்பது பாதி பொய். கட்டிலின் ஓரம் வரை வந்தேன். பேஸ்ட் மூடியைத் திறக்க முடியவில்லை. குழாயைத் திருக முடியவில்லை. எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட். உட்கார்ந்தால் எழ முடியாது என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. கதவுக்கு வெளியே நின்று என் கணவர், "நான் வரட்டுமா?" என்றார். "வந்தீங்க, கொன்னுடுவேன்" என்றேன். கால் மணி நேரம் கழித்து நானே கூப்பிட்டேன்.

நான் ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பி.டி. மிஸ். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருந்த பேர் 'ரெண்டு ரவுண்டு'. லேட்டாக வந்தால் கிரவுண்டை ரெண்டு ரவுண்டு ஓடணும். ஷூ போடாமல் வந்தால் ரெண்டு ரவுண்டு. உடம்பு சரியில்லை என்று வீட்டிலிருந்து லெட்டர் கொண்டுவந்தால், "ஓட வேணாம், நடந்தே ரெண்டு ரவுண்டு போ, சரியாயிடும்." லெட்டரை நான் பிரித்ததே கிடையாது. அதில் எனக்குப் பெருமை வேறு.

சேர்ந்து ஆறு வருஷம் ஆகியும் நான் பர்மனென்ட் இல்லை. ஏப்ரலில் அனுப்பிவிடுவார்கள், ஜூனில் கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. வயசு முப்பத்தெட்டு. அந்த வயசில் ஒரு பி.டி. மிஸ்ஸைப் புதுசாக எந்தப் பள்ளிக்கூடமும் எடுக்காது. கணவர் வேலை பார்த்த பல்லாவரம் தோல் கம்பெனியில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை ஓடிக்கொண்டிருந்தது. அதனால் எங்கள் கரஸ்பாண்டென்ட், அதாவது பள்ளிக்கூடத்தின் முதலாளி, அந்த ஜூனில் சொன்ன ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். "ஜோனல்ல ஒரு கப்பு கொண்டு வாங்க மிஸ். அடுத்த மாசமே பர்மனென்ட் ஆர்டர்." ஜோனல் என்றால் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு நடக்கும் விளையாட்டுப் போட்டி. அதுவரை அங்கேயிருந்து நாங்கள் கொண்டுவந்தது, கலந்துகொண்டோம் என்பதற்கான சான்றிதழ் மட்டும்தான்.

கரஸ்பாண்டென்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் இருக்கிற இடம் அவர்கள் குடும்பத்து வயல். அவர் சின்ன வயசில் வரப்பில் நின்று, யார் நிமிர்ந்து நிற்கிறார்கள் என்று பார்த்துப் பழகியவர். குனிந்தவன் வேலை செய்கிறான், நிமிர்ந்தவன் ஏமாற்றுகிறான், அவ்வளவுதான் அவர் நிர்வாகம். வயல் போய் கிரவுண்ட் ஆன பிறகும் பழக்கம் போகவில்லை. பக்கத்திலேயே வீடு. காலையில் மாடி பால்கனியில் காபியோடு உட்கார்ந்து என் பீரியடைப் பார்ப்பார். என் விஷயத்தில் அவர் கணக்கு என்னவென்றால், ஓடுகிற பி.டி. மிஸ் வேலை செய்கிறாள், நிற்கிற பி.டி. மிஸ் சும்மா இருக்கிறாள்.

ஆகவே, சம்பளமில்லாமல் போட்ட ஒரு மாச லீவு முடிவதற்குள் நான் ஓடியாக வேண்டும்.

முதலில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அங்கே டோக்கன் கூப்பிடுகிற பையன் மூணு நம்பர் முன்னாலேயே கூப்பிட்டான், ஏனென்றால் ஒவ்வொருத்தரும் பெஞ்சிலிருந்து எழவே அவ்வளவு நேரம் ஆனது. டாக்டரம்மாவுக்கும் வந்து போயிருந்தது. பேனாவைக் குழந்தை பிடிக்கிற மாதிரி மொத்தக் கையாலும் பிடித்து எழுதினார். "வைரஸ் போயிடுச்சு. அசதி போகல. அது எப்பப் போகும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். "எக்சர்சைஸ் பண்ணணும், ஆனா கொஞ்சமா. இன்னைக்கு எவ்வளவு செஞ்சா நாளைக்கும் அதையே செய்ய முடியுமோ, அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம் நடங்க. ஒரு வாரம் தாங்குதான்னு பாருங்க. நல்லா இருக்குன்னு தோணுற அன்னைக்குதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

"டாக்டர், நான் பி.டி. டீச்சர்."

"அதனாலதான் இவ்வளவு நேரம் சொல்றேன். மத்தவங்களுக்கு மாத்திரை எழுதி அனுப்பிடுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. அஞ்சு நிமிஷ நடையாம்! எங்கள் வீட்டு வாசலிலிருந்து மெயின் ரோடுக்கே ஏழு நிமிஷம். இந்தம்மாவுக்கு ஓடுகிற உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரியே எனக்கும் ஒரு சார்ட் போட்டேன். திங்கள் ரெண்டு ரவுண்டு, செவ்வாய் மூணு, புதன் நாலு. ஒரு நாள் தவறினால் தண்டனையாக ரெண்டு ரவுண்டு கூடுதல். அதைச் சமையலறையில் கேஸ் அடுப்புக்கு மேலே ஒட்டினேன்.

திங்கள்கிழமை காலை செம்பாக்கம் ஏரிக்கரையில் ஓடினேன். முட்டி முனகியது, கணுக்கால் முனகியது, நான் காதில் வாங்கவில்லை. அன்று முழுக்க ஜோராக இருந்தது. நெய் ரோஸ்ட் சுட்டேன். டாக்டரம்மாவைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசினேன். செவ்வாய்க்கிழமை தோசைக்கரண்டியைத் தூக்க முடியவில்லை. அசதி என்றால் தூக்கம் வருகிற அசதி இல்லை. தலைமயிருக்குக்கூட அலுப்பு. பேச வாயைத் திறப்பதற்கு முன் இது அவசியமா என்று யோசிக்க வேண்டியிருந்தது. என் கணவர் அதை ரசித்தார் என்றே நினைக்கிறேன்.

புதனும் படுக்கை. வியாழக்கிழமை கொஞ்சம் தெளிந்ததும், ரெண்டு நாள் தவறியதற்குத் தண்டனை சேர்த்து ஓடப் போனேன். பாதிக் கரையில் காலில் இருந்த பலம் சட்டென்று வடிந்துவிட்டது. ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டு, மெயின் ரோடு வரை ஊர்ந்து, ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஜாகிங் போய்விட்டு ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பிய ஆள் அந்த ஏரியாவில் நானாகத்தான் இருக்கும். டிரைவர் என் டிராக் சூட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

இப்படியே மூணு வாரம். படுத்த நாளுக்கெல்லாம் ரெண்டு ரவுண்டு கூடிக்கொண்டே போனது. நான் படுக்கப் படுக்க அதிகமாக ஓட வேண்டும், அதிகமாக ஓட ஓட அதிகமாகப் படுத்தேன். இதில் எங்கேயோ இடிக்கிறது என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. உடம்பு சோம்பேறித்தனம் பண்ணுகிறது, அதை விரட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆறு வருஷமாக எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தானே விரட்டினேன்.

என் கணவர் அதிகம் பேசாதவர். சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறிக்கிற மாதக் காலண்டரில், நான் ஓடிய நாளுக்கு 'ஓ' என்றும் படுத்த நாளுக்கு 'ப' என்றும் எழுதிவந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஓ, ப, ப. ஓ, ப, ப, ப. ஓ, ப, ப.

"ஏதாச்சும் தெரியுதா?" என்றார்.

"உங்களுக்கு வேற வேலை இல்லன்னு தெரியுது."

"அதுவும்தான். இன்னைக்கு மதியம் என்ன?"

"ப" என்றேன். ஹோட்டலில் சாம்பார் சாதம் வாங்கிவந்தார்.

அன்றைக்குச் சார்ட்டைக் கிழித்துவிட்டேன். புத்தி வந்து கிழித்ததாக யாரும் நினைக்க வேண்டாம். ஆத்திரத்தில் கிழித்தேன். அஞ்சு நிமிஷம் நடக்கத் தொடங்கினேன். எதிர்வீட்டு மாமி என்னை முந்திக்கொண்டு போனார்.

லீவு முடிந்தது. வீட்டில் நடக்கலாம், பள்ளியில் என்ன செய்வது? அங்கே பால்கனி இருந்தது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பீரியட் ஆரம்பித்ததும் பால்கனிக்கு நேர் எதிரே, அவர் காபியை வாயில் வைக்கிற நேரம் பார்த்து, கிரவுண்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சின்னதாக ஒரு ஓட்டம். அதோடு சரி. அப்புறம் நேராகத் தண்ணி டேங்க்குக்குப் பின்னால் போய் அதன் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்துவிடுவேன். அங்கிருந்தே விசில். ஒரு நீள விசிலுக்கு ஓடணும், ரெண்டு குட்டை விசிலுக்கு நிக்கணும், மூணுக்கு வரிசை. பிள்ளைகள் ஒரே வாரத்தில் பழகிவிட்டார்கள். முடிகிற நேரத்துக்கு எழுந்து, மறுபடியும் பால்கனிக்கு எதிரே ஒரு ஓட்டம். முட்டி கழன்று விழும் போல் இருக்கும். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்வேன்.

இதெல்லாம் எதற்கு? கப்பு வரும் என்று எனக்குத் தெரியும், அதற்காக. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நானூறு மீட்டர். எங்கள் கிரவுண்டில் அது ரெண்டு ரவுண்டு. முதல் ரவுண்டில் எல்லாரோடும் சேர்ந்து ஓடுவாள். ரெண்டாவதில் மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும்போது இவள் அப்போதுதான் ஓட ஆரம்பித்த மாதிரி போவாள். நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றும் இல்லை. அவள் காலில் இருந்தது. அவள் அம்மா கோவளம் பக்கத்துக் கடலோரக் குடும்பம். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் தட்டு வைத்து மீன் விற்பவர். நான் பி.டி. மிஸ் என்பதால் எனக்கு மட்டும் சங்கரா மீனில் பெரிசாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்.

நான் லீவு முடிந்து வந்த சமயம் அந்தப் பெண்ணுக்கும் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் வரவில்லை. திரும்பி வந்தபோது லெட்டர் ஏதும் கொண்டுவரவில்லை. லெட்டருக்கு என்னிடம் என்ன மரியாதை என்று அவளுக்குத் தெரியாதா? "ஓட முடியுமா?" என்று கேட்டேன். "முடியும் மிஸ்" என்றாள். நான் யாரிடமிருந்தும் 'முடியாது மிஸ்' என்ற பதிலைக் கேட்டதே இல்லை. அப்படிப் பதில் வருகிற மாதிரி நான் கேள்வி கேட்டதும் இல்லை.

ஓடினாள். முதல் ரவுண்டு சரியாக இருந்தது. ரெண்டாவதில், எப்போதும் எகிறுகிற இடத்தில், தோள் இறங்கியது. முடித்த பிறகு விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாள். அந்த விரல் மடக்கலை நான் தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் பொய். தெரிந்தது. "டைமிங் குறையணும், நாளைக்கும் வா" என்றேன்.

அந்த வாரம் மீன் வாங்கப் போனபோது அவள் அம்மா மீனை எடைபோட்டுக்கொண்டே சொன்னார்: "இன்னா மிஸ், பொண்ணு நல்லா ஓடுதா? வூட்டுக்கு வந்துச்சுன்னா அப்டியே பூடுது மிஸ். சோறு துன்னக்கூட எழுந்துக்க மாட்டேங்குது. வெறும் படுக்கதான். காச்சல் வந்ததுலருந்து இப்டிதான் கீது."

"பிராக்டிஸ் பண்ணா அப்படித்தான் இருக்கும்மா. போகப் போகச் சரியாயிடும்."

"நீ சொன்னா சரிதான் மிஸ். எங்களுக்கு இன்னா தெரியும்" என்று சொல்லி, கூட ஒரு மீனைப் பையில் போட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டு வந்து குழம்பு வைத்தேன். குழம்பு நன்றாக இருந்தது. என்னால் சாப்பிட முடியவில்லை. அசதி என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.

போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று காலை பால்கனிக்கு எதிரே என் ஓட்டத்தை முடித்தேன். அந்தப் பெண்ணை "ஆறு ரவுண்டு, நிக்காம" என்று அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்கு வரிசை விசில் கொடுத்துவிட்டு, டேங்க்குக்குப் பின்னால் போனேன்.

என் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

ரெண்டு முட்டியையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கண்ணை மூடி, சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். என் கண்ணில் படுகிற பக்கம் ஓடுவாள் போலிருக்கிறது. டேங்க் மறைக்கிற பக்கம் வந்ததும் உட்கார்ந்துவிடுவாள் போலிருக்கிறது. காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். திறந்த வேகத்தில் துள்ளி எழுந்தாள். "ஸாரி மிஸ், ஷூ லேஸ் மிஸ்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த முட்டியோடு துள்ளி எழுவது என்றால் என்ன என்று அந்தக் கிரவுண்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நெருப்பு பிடித்திருந்தால்கூட நான் அப்படி எழுந்திருக்க மாட்டேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து எழுந்தது. கரஸ்பாண்டென்ட்டை நான் ஏமாற்றுகிற அதே மாதிரி, அதே இடத்தில், அவள் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. ரெண்டு குட்டை விசில் அடித்தேன். நிற்கவில்லை. மறுபடி அடித்தேன். "நில்லு பாப்பா" என்று கத்தினேன். ஆறு வருஷத்தில் யாரையும் நான் பாப்பா என்று கூப்பிட்டதில்லை. அதைக் கேட்டுப் பயந்துதான் நின்றாள் என்று நினைக்கிறேன். "வகுப்புக்குப் போ. ஜோனலுக்கு நீ வரல" என்றேன். அழுதாள். தண்டனை என்று நினைத்துவிட்டாள். தண்டனை இல்லை என்று புரியவைக்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. கிரவுண்டில் நான் யாரோடும் அவ்வளவு நேரம் பேசியதே கிடையாது.

மதியம் கரஸ்பாண்டென்ட் வீட்டுக்குப் போனேன். படிக்கட்டு பதினேழு. ஒவ்வொன்றிலும் ரெண்டு காலையும் வைத்து ஏறினேன். அந்தப் பெண் ஓட மாட்டாள் என்று சொன்னேன்.

"வேற பொண்ணு?"

"இல்ல சார்."

"அப்ப கப்பு?"

"இல்ல சார்." ஆரம்பித்தாகிவிட்டது, முடித்துவிடலாம் என்று தோன்றியது. "என்னாலயும் ஓட முடியல சார். ரெண்டு மாசமா காலையில உங்க முன்னாடி ஓடுற மாதிரி காட்டிட்டு, டேங்க்குக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கிறேன்."

"தெரியும்" என்றார். "வாங்க" என்று பால்கனிக்குக் கூட்டிப் போனார். கீழே பார்த்தேன். டேங்க், அதன் பின்னால் சிமெண்ட் மேடை, மேடையில் நான் மறந்துவிட்டு வந்த என் தொப்பி, எல்லாம் உள்ளங்கையில் வைத்த மாதிரி தெரிந்தது. ரெண்டு மாசம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியதெல்லாம் ஒரு மனுஷன் சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டு பார்த்த நாடகம்.

"ஏன் சார் ஒண்ணும் கேக்கல?"

உள்ளே ஒரு அறையைக் காட்டினார். அவர் மனைவி கட்டிலில் படுத்திருந்தார். "அவளும் ஆவணியிலேர்ந்து இப்படித்தான். எழுந்து நடடின்னு நானும் கத்திப் பாத்துட்டேன்" என்றார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான். சரி, மனசு இளகிவிட்டது, கேட்டுவிடலாம் என்று, "அப்ப பர்மனென்ட் சார்?" என்றேன்.

"அது வேற, இது வேற மிஸ்" என்றார். "கப்பு வரட்டும்."

கப்பு வரவில்லை. மற்ற பிள்ளைகளோடு போய் வழக்கமான சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்தேன். ஏப்ரலில் அனுப்பினார்கள், ஜூனில் கூப்பிட்டார்கள். நடுவில் இருந்த ரெண்டு மாசமும் போன் அடிக்கும்போதெல்லாம் கை வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய் எடுத்தேன். ஆர்டர் கைக்கு வந்தது ரெண்டு வருஷம் கழித்து, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் செஸ்ஸில் கப்பு வாங்கியபோது. எனக்குச் செஸ் ஆடத் தெரியாது.

என் உடம்பு எப்போது சரியானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அஞ்சு நிமிஷம் எட்டு ஆனது, எட்டு பத்து ஆனது, நடுவில் ஒருமுறை மறுபடி அஞ்சு ஆனது. அதைப் போல அலுப்பான எக்சர்சைஸை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. ஒரு நாள் காலண்டரைப் பார்த்தேன். கணவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

ஜோனல் முடிந்து வந்த அந்தப் பொங்கல் லீவுக்குப் பிறகு ஒரு காலையில் அந்தப் பெண் தானாக வந்து என் முன்னால் நின்றாள். அதுவரை அவளை நான் கிரவுண்டுக்குக் கூப்பிடவில்லை. "மிஸ், ஓடிப் பாக்கட்டுமா?"

"எவ்வளவு?"

"தெரியல மிஸ்."

"சரி, ஓடு."

ஓடினாள். முதல் வளைவு வரை பழையபடி அழகாகப் போனாள். 'கையை வீசு' என்று கத்த வந்ததை அடக்கிக்கொண்டேன். எதிர்ப்பக்கத்து நேர்கோட்டில் பாதி தூரம் போனவள், அங்கேயே நின்றாள். ரவுண்டுகூட முடியவில்லை. இடுப்பில் கை வைத்துக் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். நான் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்ப்பாள், ஷூ லேஸ் என்று ஏதாவது காரணம் சொல்லுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவள் பார்க்கவில்லை. டிராக்கை விட்டு இறங்கி, மெதுவாக நடந்து வகுப்புக்குப் போய்விட்டாள்.